ரியாஸ் வாசித்துச் சொன்ன எடை

இர்பானாவின் உயரம் நாலடி எட்டு அங்குலம். நாம் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். "நான் நின்னாலும் உக்காந்த மாதிரிதான் இருப்பேன் நீலாக்கா" என்று சொல்லி அவளே சிரிப்பாள். செருப்பு வாங்கப் போனால் கடைக்காரன் கேட்காமலே சின்னப் பிள்ளைகள் வரிசையைக் காட்டுவான். நான் ஐந்தடி ஏழு. எங்கள் பேட்டையான லம்பா லைனில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் எதிரே வருபவர்கள் ஒரு தரம் திரும்பிப் பார்க்காமல் போகமாட்டார்கள். எனக்குச் சாப்பாடு உடம்பில் ஒட்டாது. பிரியாணி தின்றாலும் பட்டினி கிடந்தாலும் கல்யாணத்தில் போட்ட ரவிக்கை இன்றைக்கும் தொளதொளவென்றுதான் நிற்கும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவளுக்கு நான் புத்தி சொல்லியிருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது.

இர்பானா பிறந்தது போர்ட் பிளேயரில். அவளுடைய மாமனார் ஜெய்னுலாப்தீன் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி வந்து மளிகைக்கடை வைத்தவர். அவர் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. கடைக்கு இன்னும் அவர் பெயர்தான். கீழே கடை, மேலே வீடு. இப்போது கடையில் உட்காருவது அவர் மகன் ரியாஸ், இர்பானாவின் கணவன். நான் அடுத்த கட்டடத்தில் குடியிருக்கிறேன். மின்சாரத் துறையில் கிளார்க். பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில்தான் அரிசி, பருப்பு, ஊர்வம்பு எல்லாம் வாங்குகிறேன்.

அந்தக் கடைக்கு ஒரு பெயர் உண்டு. எடையில் ஏமாற்றமாட்டார்கள். கடல் கொந்தளித்து மெயின்லேண்டு கப்பல் வராமல் வெங்காயம் கண்ணில் படாத நாட்களில்கூட, தட்டில் பத்து கிராம் குறைந்தால் ரியாஸ் கூடைக்குள் கையை விட்டு ஒரு சின்ன வெங்காயத்தைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பையில் கட்டுவான். வருடா வருடம் தராசுக்கு சீல் வைத்து வாங்குவதில் ஒரு நாள் பிந்தமாட்டான். "அளவுல கொற வச்சா ஆஹிரத்துல அல்லாவுக்குப் பதில் சொல்ல முடியாதுன்னு அத்தா சொல்லுவாக" என்பான். கேட்க எனக்கே பெருமையாக இருக்கும். அவன் கடைக்கு நான் வாடிக்கை என்பதில் எனக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரும்போல ஒரு நினைப்பு.

இர்பானாவுக்குச் சர்க்கரை வந்தது முப்பத்தேழு வயதில். அவளுடைய உம்மாவுக்கும் அந்த வயதில்தான் வந்ததாம். உம்மாவுக்கு முதலில் இரண்டு கால் விரல்கள் போயின. அப்புறம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்புறம் உம்மாவே போய்விட்டார். கடைசி ஒரு வருடம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் கழுவிவிட்டதும் இர்பானாதான். அதனால் டாக்டரம்மா மாத்திரைச் சீட்டை நீட்டியபோது அவள் அழவில்லை, பேரம் பேசினாள். எடையைக் குறைத்தால் மாத்திரையை நிறுத்துவீர்களா என்று கேட்டாள். அப்போது அறுபத்தொரு கிலோ. நாற்பத்தேழுக்கு வந்து, இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் நிறுத்திப் பார்க்கலாம், ஆனால் ஐம்பதைத் தாண்டவிட்டால் மறுபடி மாத்திரைதான் என்றார் டாக்டரம்மா. அவளுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான், மூன்று கிலோ.

பதினான்கு மாதம் பிடித்தது. வீட்டுக்கு நெய்ச்சோறு ஆக்கி எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அவள் ஒரு கரண்டிச் சோறும் சூரை மீனும் கிண்ணம் நிறையக் கீரையுமாக உட்காருவாள். எண்ணெயைக் கரண்டியில் ஊற்றாமல் சின்ன ஸ்பூனில் அளந்தாள். காலையில் ஏர்போர்ட் மதிலை ஒட்டி நானும் அவளும் நடப்போம். நான் இரண்டு எட்டு வைத்தால் அவள் மூன்று எட்டு வைத்துப் பக்கத்தில் வந்துவிடுவாள். நோன்பு மாதத்தில் கஞ்சியைக்கூட அரைக் கோப்பையோடு நிறுத்தினாள். நாற்பத்தேழு வந்தது. பரிசோதனையும் ஒத்துக்கொண்டது. மாத்திரை நின்ற அன்றைக்கு என் வீட்டுக்கு ஓடிவந்து, சின்னக் குழந்தைபோல என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்தில் ஒரே கொண்டாட்டம். மேல்மாடி பெங்காலி அம்மாள் "பாப்ரே, இர்பானா பாபி காலேஜ் லட்கி, சின்னப் பொண்ணு ஆயிட்டா" என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

குறைப்பதற்குக் கைதட்ட ஊரே வரும். குறைத்ததைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ஆள் வராது. இரண்டு மாதம் கழித்து அவள் வடையை வேண்டாமென்று தள்ளினால், அதே பெங்காலி அம்மாளுக்கு முகம் சுண்டிவிடும். "இத்தனூண்டு உடம்புக்கு இன்னும் என்ன டயட்டு?" என்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். உடம்பு சின்னது என்பதுதான் அவள் பிரச்சினையே என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. சின்ன உடம்புக்குத் தேவையும் சின்னது. ரியாஸ் காலையில் ஒரு வேளைக்கு முழுங்குகிற புரோட்டாவும் சால்னாவும் அவளுக்கு ஒரு நாள் முழுக்கத் தாங்கவேண்டிய சாப்பாடு. "ஒங்களுக்கு அது ஒரு வடை அக்கா. எனக்கு அது ராத்திரிச் சோறு" என்று ஒரு தடவை சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதனால்தான் வெள்ளிக்கிழமை எடை. முதலில் வீட்டுக்குக் கண்ணாடித் தட்டு வைத்த மிஷின் ஒன்று வாங்கினாள். அது அடுப்படியில் ஒன்று காட்டும், கட்டில் பக்கத்தில் வேறொன்று காட்டும். உப்புக்காற்றில் ஆறே மாதத்தில் உயிரை விட்டது. சீல் வைத்த தராசு கீழேயே இருக்கும்போது இந்த விளையாட்டுச் சாமான் எதற்கு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கடைக்கார வீட்டுப் பெண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

கடையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. இரும்புத் தட்டு தரையில். எண் காட்டும் பெட்டி ஒரு நீள ஒயரோடு கல்லா மேஜைமேல், உட்கார்ந்திருப்பவர் பக்கம் பார்த்து இருக்கும். துறைமுகத்திலிருந்து சரக்கு வந்தால் ஒருவர் மூட்டையைத் தட்டில் ஏற்றுவார். ரியாஸ் எண்ணைச் சத்தமாக வாசிப்பான். ஏற்றியவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு இறக்குவார். ஏற்றியவர் மேஜைப் பக்கம் எட்டிப் பார்க்கும் பழக்கம் அங்கே கிடையாது. எட்டிப் பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. மாமனார் காலத்திலிருந்து அந்தக் கடையின் வழக்கம் அது.

இர்பானாவும் அப்படியே செய்தாள். வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன், வெறும் வயிற்றோடு, மெல்லிய பருத்திச் சுடிதாரில், செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டில் ஏறி நிற்பாள். ரியாஸ் வாசிப்பான்: "நாப்பத்தேழு எறநூறு." அவள் திருப்பிச் சொல்வாள்: "நாப்பத்தேழு எறநூறு." இறங்கிவிடுவாள். அந்த வாரம் எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது அந்த ஒரு எண்ணில் இருந்தது. இருநூறு என்றால் இப்படியே போகலாம். எண்ணூறு என்றால் இரவுச் சோறு கிடையாது, நடை இரண்டு மடங்கு. அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அது. எண்ணை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மீதியை அவள் பார்த்துக்கொள்வாள், பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

எண் ஏறிய வாரங்களில் வீடு நன்றாக இருக்காது என்பதும் உண்மைதான், அதை மறைக்க நான் தயாரில்லை. ஒரு தடவை நாற்பத்தேழு தொள்ளாயிரம் வந்ததற்கு இரண்டு நாள் வெறும் மோரோடு கிடந்து, மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ரியாஸின் தங்கை மகள் கல்யாண விருந்துக்குப் போகவில்லை. வீட்டில் யாரோடும் பேச்சில்லை. ரியாஸ் என்னிடம் வந்து, "ஒரு நம்பருக்காக வீட்ட எழவு விழுந்த மௌத்து வீடு மாதிரி ஆக்குறா அக்கா. நீங்களாவது சொல்லுங்க" என்றான். நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள். உம்மாவின் காலைக் கழுவியவளிடம் எண்ணைக் கண்டு பயப்படாதே என்று சொன்னால் அவள் வேறென்ன செய்வாள்.

அந்த வருடம் ஹஜ் பெருநாள் முடிந்த வெள்ளிக்கிழமை. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குப் பெட்டியில் நாற்பத்தெட்டு நூறு. ரியாஸ் ஒரு நொடி பார்த்துவிட்டு, "நாப்பத்தேழு எழுநூறு" என்று வாசித்தான். அவள் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கினாள். பெருநாள் கறியெல்லாம் தாண்டி இவ்வளவுதானா என்று அவளுக்கு மூச்சு வந்தது. மாடிக்குப் பாடிக்கொண்டே போனாளாம். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமும் குறைத்து வாசித்தான். அதற்கடுத்த வாரம் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரே வாரத்தில் எப்படி ஒரு கிலோ ஏறும் என்று கேட்பாளே. அதனால் நாற்பத்தேழிலேயே நிறுத்திக்கொண்டான். ஐம்பது கிராம் கூட்டி, ஐம்பது கிராம் குறைத்து, நிஜம்போல வாசித்தான்.

அவளுக்கு என்ன தெரியும்? அரைத் தோசை கூடுதலாகத் தின்று பார்த்தாள், எண் ஏறவில்லை. பாலில்லாத சுலைமானி டீயில் சர்க்கரை போட்டுப் பார்த்தாள், எண் ஏறவில்லை. உடம்பு இதை ஏற்றுக்கொண்டது என்று கணக்குப் போட்டாள். சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பிஸ்கெட் சாப்பிட்டாள், பல வருடங்களுக்குப் பிறகு. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எடை நிலையாக நிற்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டு டாக்டரம்மாவும் இனி ஒரு வருடத்துக்கு ஒரு தடவை பரிசோதனை போதும் என்று சொல்லிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குத்திக்கொண்டிருந்த ஊசி நின்றதும் அவளுக்குப் பெருநாள்தான்.

இனி நான் என் பங்கைச் சொல்லவேண்டும். ஜனவரி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லையென்று பக்கத்துச் சந்து வழியாகக் கடைக்குள் போனேன். அந்தச் சந்துக் கதவு கல்லா மேஜைக்குப் பின்னால் திறக்கும். இர்பானா தட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பெட்டி எனக்கு நேரே. சிவப்பு எழுத்தில் ஐம்பது புள்ளி அறுநூறு. ரியாஸ் வாசித்தான்: "நாப்பத்தேழு நூறு." இர்பானா சொன்னாள்: "நாப்பத்தேழு நூறு." அவள் குரலில் அவ்வளவு நிம்மதி.

ரியாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். கடையில் பத்து கிராமுக்கு வெங்காயம் தேடுகிறவன் கண்ணில் அப்படியொரு கெஞ்சலை நான் பார்த்ததில்லை. இர்பானா இறங்கித் திரும்பினாள். "அட, நீலாக்கா, எப்ப வந்தீங்க? பாத்தீங்களா, ஏக்தம் அப்புடியே நிக்கிது!" என்றாள். நான் வாயைத் திறந்தேன். "கொத்தமல்லி இருக்கா?" என்று கேட்டேன்.

கொத்தமல்லிக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். புருஷன் பெண்டாட்டி விவகாரம், நடுவில் நாம் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லியும் இருப்பேன், நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மார்ச் மாதம் அவள் ஒரு குர்தாவைப் போட்டுக்கொண்டு வந்து, "கையெல்லாம் பிடிக்கிதுக்கா, ஆனா எட அப்புடியேதான் இருக்கு" என்று குழம்பினாள். பருத்தித் துணி, தோய்த்ததில் சுருங்கியிருக்கும் என்று சொன்னேன். யோசிக்காமல், நாக்கு கூசாமல் சொன்னேன். தையல்காரியும் கேட்காமலே பக்கவாட்டைப் பிரித்து விட்டுக் கொடுத்தாள். ஆளாளுக்கு அவளைச் சந்தோஷமாக வைத்திருந்தோம்.

மே மாதக் கடைசியில் அவளுடைய தங்கை நஜ்மாவுக்கு தீவின் வடகோடியில் உள்ள திக்லிப்பூரில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மழை தொடங்கிக் கடல் மோசமாகிப் படகுகள் நின்றிருந்தன. பஸ்ஸில் போனால் பன்னிரண்டு மணி நேரம், இர்பானாவுக்கு ஏறினதும் வாந்தி. எப்படியோ ஹெலிகாப்டரில் ஒரு இடம் கிடைத்தது. சின்ன வண்டி அது. ஆளையும் நிறுத்து, பையையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். பை ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. முந்தின நாள் ரியாஸ் கடைத் தராசில் வைத்து, கருவாட்டை எடுத்துக் குழந்தைத் துணியை வைத்து, சரியாக நாலு கிலோ எண்ணூற்றைம்பதில் பையைக் கட்டிக் கொடுத்தான். அவனுக்குக் கடையை விட்டு வர முடியவில்லை. நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஏர்போர்ட் வரை கூடப் போனேன்.

கவுண்டரில் முதலில் இர்பானாவை ஏறச் சொன்னார்கள். ஏறி நின்றாள். கவுண்டர்க்காரர் எழுதிக்கொண்டே இந்தியில் "திர்பன்" என்று சொன்னார், ஐம்பத்துமூன்று. இர்பானா இறங்கவில்லை.

"நஹீ பையா, சைந்தாலீஸ்" என்றாள். நாற்பத்தேழு என்று.

அவர் மறுபடி பார்த்தார். "திர்பன், மேடம்."

"உங்க மிஷின் கராப். புர்கா ஒரு கிலோ இருக்கும், அவ்வளவுதான். சீல் எங்க இருக்கு? காட்டுங்க. எங்க கடைத் தராசு கவர்மெண்ட் சீல் வச்சது, வாராவாரம் நிறுக்கிறேன்" என்று தமிழிலும் இந்தியிலுமாக ஆரம்பித்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெண்பிள்ளை தன் எடைக்காக ஏர்போர்ட்டில் சண்டை போடுகிறாள் என்றால் சிரிக்கமாட்டார்களா? நான் அவள் தோளைத் தொட்டேன். "அக்கா, நீங்க சும்மா இருங்க. மச்சான் வாசிச்சது பொய்யா போவுமா?" என்றாள். நான் சும்மா இருந்தேன். அதில்தான் எனக்கு நல்ல பழக்கம் ஆகிவிட்டிருந்ததே.

கவுண்டர்க்காரர் பொறுமைசாலி. அவளை இறங்கச் சொல்லிவிட்டுப் பையைத் தட்டில் வைத்தார். இந்தப் பக்கம் எண் காட்டும் ஒரு பெட்டி எங்களைப் பார்த்தபடி இருந்தது. இந்த மிஷின் கெட்டதாகவே இருக்கட்டும், பையின் எடையும் தப்பாகக் காட்டட்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நாலு புள்ளி எண்ணூற்றைம்பது. கிராம் பிசகவில்லை.

இர்பானா அந்த எண்ணைப் பார்த்தாள். கடைக்கார வீட்டுப் பெண், அவளுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தத் தராசும் சரி, இந்தத் தராசும் சரி. பைக்கு வாசித்தது சரி. அவளுக்கு வாசித்தது மட்டும்தான் தப்பு. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

திக்லிப்பூரில் தங்கை இருந்த ஆஸ்பத்திரியிலேயே இரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். வெறும் வயிற்றில் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு, நூறுக்குள் இருக்கவேண்டியது. பன்னிரண்டு நாள் தங்கையைப் பார்த்துக்கொண்டாள், போனில் ரியாஸிடம் சாப்பிட்டீர்களா, கடை எப்படி என்று மட்டும் கேட்டாள். திரும்பி வந்த அன்று ஆட்டோவிலிருந்து இறங்கி, மாடிக்குப் போகாமல் நேரே கடைக்குள் நுழைந்தாள். நான் தேங்காய் வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். மேஜைமேல் இருந்த பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தட்டில் ஏறி நின்றாள்.

"அம்பத்திரண்டு எறநூறு" என்று அவளே வாசித்தாள். "திருப்பிச் சொல்லுங்க மச்சான்."

ரியாஸ் கல்லாவை மூடிவிட்டு எழுந்து நின்றான்.

"யாரு எவருன்னே தெரியாத ஆளுக்கு பத்து கிராம் கொறஞ்சா கூடைய உருட்டி வெங்காயம் தேடுறீக. பொண்டாட்டிக்கு அஞ்சு கிலோ மச்சான். அஞ்சு கிலோ!"

"நம்பர் ஏறுனா நீ சோறு திங்க மாட்டே" என்றான் ரியாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "யார்ட்டயும் பேச மாட்டே. மொத தடவ நானூறு கிராம்தான் கொறச்சேன். நீ சிரிச்சே. இந்த ஒரு வருஷந்தான் வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அத நிறுத்த எனக்கு மனசு வரல இர்பானா."

"எங்க உம்மாவ நீங்களும்தானே தூக்குனீக? நாளைக்கு எனக்குக் காலு போனாலும், ரெண்டும் இருக்கு, நீ சிரின்னு வாசிப்பீகளா?"

அவன் அழுதுவிட்டான். கெட்டவன் இல்லை அவன். எனக்கு அவன்மேல் கோபம் வரவேண்டும், வரவில்லை. கோபப்படுகிற யோக்கியதை எனக்கு எங்கே இருந்தது? தேங்காயை மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. திரும்பக் குறைத்தாலும் இந்தத் தடவை நிறுத்த முடியுமா என்று சொல்ல முடியாது, ஒரு வருடமாகக் கவனிக்காமல் விட்டதில் உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றாராம். இர்பானா கவனிக்காமல் விட்டாள் என்று அந்தச் சீட்டில் எழுதியிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் தட்டில் ஏறி நின்றவள் அவள்.

ஒரு வாரம் கழித்து, சனிக்கிழமை மத்தியானம், என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. புது எடை மிஷின். மூச்சு வாங்க அதைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கால் தரையைத் தொடாமல் ஆடியது.

"இது ஒங்க வீட்லயே இருக்கட்டும் நீலாக்கா" என்றாள். "என் கையில இருந்தா ஒரு நாளைக்கு இருவது தடவ ஏறி எறங்குவேன், பைத்தியம் பிடிச்சிரும். வாரத்துக்கு ஒரு தடவ, நம்பிக்கையான ஆளு ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு டாக்டரம்மா சொன்னாக. எனக்கு வேற யாரு இருக்கா? மச்சான் பொய் சொன்னாக. தையக்காரி தெரிஞ்சே பிரிச்சு விட்ருக்கா. நீங்க ஒருத்தர்தான் என்னய ஏமாத்தாதவங்க. வெள்ளிக்கெழம வரேன். நீங்க வாசிங்க, நான் திருப்பிச் சொல்றேன்."

சரி என்று சொல்லிவிட்டால் போதும். அதோடு எல்லாம் முடிந்துபோகும். ரியாஸ் காட்டிக்கொடுக்கமாட்டான். இனிமேல் உண்மையாக வாசித்து எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். பெட்டியின் ஒட்டுத்தாளை நகத்தால் கொஞ்சம் பிரிக்கக்கூடச் செய்தேன்.

"இர்பானா, எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"ரியாஸ் மாத்தி வாசிக்கிறான்னு தெரியும். கொத்தமல்லி வாங்க வந்தேனே, அன்னிக்குப் பார்த்தேன். பெட்டி என் பக்கம்தான் இருந்தது."

அவள் கால் ஆடுவது நின்றது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தேவலை. விரலை மடக்கி மாதத்தை எண்ணினாள்.

"ஜனவரி. அப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"ஐம்பது அறுநூறு."

"டாக்டரம்மா சொன்னது அம்பது" என்றாள். "அப்ப வெறும் அறுநூறு கிராம்தான். பத்து நாள்ல எறக்கியிருப்பேன்க்கா."

நாற்காலியிலிருந்து இறங்கி, பிரித்த ஒட்டுத்தாளைத் திரும்ப அழுத்தி ஒட்டி, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டாள். பெட்டி அவள் முகவாய் வரைக்கும் வந்தது. கதவைத் திறந்துவிடப் போனேன். வேண்டாமென்று சொல்லிவிட்டு முழங்கையால் அவளே தள்ளித் திறந்துகொண்டு போனாள்.